பிரிக்காமல் வைத்திருந்த மாத்திரை அட்டை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, நான் ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தபோது நடந்தது இது. வீடு தூத்துக்குடியை ஒட்டிய முத்தையாபுரத்தில். துறைமுகத்தில் கப்பலேறும் சரக்குக்கான காகிதங்களைச் சரிபார்க்கும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தேன். கணவர் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் இன்ஜின் பார்ப்பவர். நடுக்கடலில் இருக்கும் நாட்களில் அவரோடு பேச முடியாது. வீட்டில் நானும் மாமியாரும்தான்.

அதற்கு முந்தின வருடம் மூன்றாம் மாதத்திலேயே ஒரு கரு கலைந்துபோயிருந்தது. ஏன் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால் இந்த முறை ஒரு துண்டு பப்பாளியைக் கண்டால்கூட எனக்குப் பயம்.

மாதாந்திரப் பரிசோதனைக்கு டவுனில் ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். சிறுநீர்ப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா, "லேசா இன்ஃபெக்‌ஷன் இருக்கு, அஞ்சு நாள் மாத்திரை சாப்பிடுங்க" என்று எழுதிக் கொடுத்தார். எனக்குப் பின்னால் ஏகப்பட்ட கூட்டம். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். மருந்துக் கடையில் அட்டையைக் கையில் வாங்கிய பிறகுதான், "இது என்ன மாத்திரை அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"ஆன்டிபயாடிக்தாம்மா. எதுக்குன்னா எனக்கெப்படித் தெரியும்? எழுதினவங்ககிட்டதான் கேக்கணும்" என்றார் கடைக்காரர்.

எனக்குக் காய்ச்சல் இல்லை. எரிச்சல் இல்லை, வலியும் இல்லை. பிறகு எதற்கு இது? வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமியார், "ஒரு நோவும் இல்லாதவளுக்கு எதுக்குளா மாத்திரை? வயித்துப் பிள்ளைக்கு ஆவாது. தூரப் போடு" என்று முடித்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்காவோ, "டாக்டர் எழுதினத மறுக்கலாமா? பேசாம முழுங்கிரு" என்றாள். போனில் தேடிப் படித்தேன். ஒரு இடத்தில் குழந்தைக்குக் கெடுதல் என்றிருந்தது. இன்னொரு இடத்தில் சாப்பிடாவிட்டால்தான் கெடுதல் என்றிருந்தது.

மாமியார் சொன்னதுதான் சரி என்று மனசு பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. ஆனாலும் போனை அணைத்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தேன். எதற்கென்று தெரியாமல் இதை முழுங்கவும் மாட்டேன். வேண்டாம் என்று தெரியாமல் தூரப் போடவும் மாட்டேன். ஒரே நாளில் தெரிந்துகொண்டாக வேண்டும்.

மறுநாள் காலையில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, பிரிக்காத அட்டையோடு பஸ் ஏறினேன். மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் பெண், "நேத்துதான வந்துட்டுப் போனிய? இன்னைக்கு எதுக்கு?" என்றாள். டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றேன். "கேள்வி கேக்கவா வந்திய? இங்க நிக்க நேரமில்ல. அடுத்த மாசம் வரும்போது கேளுங்க" என்றாள்.

"கேக்காம நான் போக மாட்டேன். எல்லாரும் பாத்து முடிக்கட்டும், கடைசியாப் போறேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். பத்து மணிக்கு உட்கார்ந்தவளைக் கூப்பிடும்போது மணி ஒன்றரை.

டாக்டரம்மா பிரிக்காத அட்டையைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "ஏன் சாப்பிடலை?"

ஆனாலும் கேட்டேன். "எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல டாக்டர். போன தடவை ஒண்ணு கலைஞ்சு போச்சு. இது கண்டிப்பா வேணுமா? வேணும்னா ஏன்னு சொல்லுங்க, இங்கயே முழுங்குதேன்."

அவர் பேனாவை மூடி வைத்தார். கர்ப்ப காலத்தில் சிறுநீரில் கிருமி இருந்தால், வலி எதுவும் இல்லாவிட்டாலும் அதைச் சரிசெய்துவிட வேண்டும், விட்டால் சிறுநீரகம் வரை ஏறலாம், குறைமாதத்தில் பிரசவ வலி வரலாம் என்று பொறுமையாகச் சொன்னார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. தூரப் போட இருந்தேனே என்று நினைத்தேன்.

ஆனாலும் இன்னொன்று கேட்டேன். "கிருமி இருக்கது உறுதியா டாக்டர்?"

அவர் என் ஃபைலைப் புரட்டினார். பிறகு, "கல்ச்சர் டெஸ்ட் எடுக்கலை. எடுத்துட்டுத்தான் எழுதியிருக்கணும். கூட்டத்துல விட்டுட்டேன்" என்று ஒளிக்காமல் சொன்னார். அந்தப் பரிசோதனையில்தான் கிருமி உண்டா, எந்த மருந்துக்கு அது சாகும் என்று தெரியுமாம். புது பாட்டிலில் சிறுநீர் கொடுத்தேன். முடிவு வரும்வரை மாத்திரை வேண்டாம், நடுவில் காய்ச்சலோ முதுகு வலியோ வந்தால் உடனே வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. கிருமி இருந்தது. என் கையில் இருந்த மாத்திரைக்கு அது அடங்காது என்றும் இருந்தது. டாக்டரம்மா கர்ப்பிணிகளுக்கு ஆகக்கூடிய வேறு மாத்திரையை ஏழு நாளைக்கு எழுதினார். இந்த முறை அவரே ஒவ்வொன்றாக விளக்கினார்.

மாமியாருக்கு அப்போதும் மனசு ஒப்பவில்லை. டாக்டர் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன். "வேணாம்னு நீங்க சொன்னீங்க, அதனாலதான் போயிக் கேட்டேன். இப்ப வேணும்னு தெரிஞ்சு போச்சு அத்தை" என்றேன். குமட்டல் இருந்தும் ஏழு நாளும் ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டேன். மூன்றாம் நாளிலிருந்து தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றது மாமியார்தான். மறுபடி எடுத்த பரிசோதனையில் கிருமி இல்லை. மாதம் நிறைந்து மகள் பிறந்தாள்.

இப்போதும் எந்த மருந்துச் சீட்டை வாங்கினாலும், "இது எதுக்கு டாக்டர்?" என்று கேட்டுவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுகிறேன். கேட்கக் கூச்சப்பட்டு அன்று வீட்டிலேயே இருந்திருந்தால், முழுங்கியிருந்தாலும் தூரப் போட்டிருந்தாலும் தப்பாகத்தான் போயிருக்கும்.