நான் கத்தாமல் விட்ட பந்து

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்று இன்றைக்கும் தடுமாறுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. பிழை இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொண்டு, சரியான எழுத்தைப் போட்டுப் படித்துக்கொள்ள வேண்டும். மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். நான் வேலை செய்யும் தறிப்பட்டறையில் இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. வீடு அமைதியாக இருக்கிறது. அதனால்தான் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி உட்கார்ந்தேன்.

நான் இரண்டு வருடம் கால்பந்து ஆடினேன். என் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியாது.

எங்களுக்குச் சேந்தமங்கலம் பக்கத்தில் மழையை நம்பி விதைக்கிற கொஞ்சம் காடு. அண்ணன் தம்பி நான்கு பேருக்கு அது போதாது. எழுபதுகளின் தொடக்கத்தில், என் பத்தொன்பதாவது வயதில், சேலத்தில் ஒரு நூல் மில்லுக்கு வந்தேன். பதிலி ஆளாகத்தான் எடுத்தார்கள். நிரந்தர ஆள் யாராவது வராத நாளில் அவருடைய இடத்தில் நமக்கு வேலை. காலையில் கேட்டில் போய் நிற்க வேண்டும். பெயரைக் கூப்பிட்டால் உள்ளே போகலாம். கூப்பிடாவிட்டால் சோறு கட்டிய தூக்குப்போசியோடு அறைக்குத் திரும்ப வேண்டும். அறையில் என்னோடு இருந்த இருவரும் வேறு ஷிப்ட். நான் போகும்போது அவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். சில வாரம் டீக்கடைக்காரரிடம் பேசியதைத் தவிர யாரிடமும் பேசியிருக்க மாட்டேன். அவரிடமும் "ஒரு டீங்க" என்பதோடு சரி.

மில்லுக்கு ஒரு கால்பந்து அணி இருந்தது. பஞ்சு குடோனுக்குப் பின்னால் மைதானம். வேலை கிடைக்காத நாளில் போய் நிற்பேன். ஒருநாள், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற பேக் ஆட்டக்காரருக்கு மஞ்சள்காமாலை. கேப்டன், ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர், என் உயரத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏப்பா நெட்டை, ஒதைக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"வர்ற பந்தத் திருப்பி அனுப்பு. வர்ற ஆளப் போக உடாத. அவ்வளவுதான்."

ஆளை மறிப்பது எனக்குப் புதிதல்ல. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிற எருதை மறிக்கும்போது அதன் தலையைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். தோளைப் பார்க்க வேண்டும். நான் ஆட்டக்காரர்களின் இடுப்பைப் பார்த்தேன். காலில் ஷூ கிடையாது. சோளத்தட்டை அறுத்த காட்டில் நடந்து பழகிய கால் என்பதால் வலி தெரியவில்லை. இரண்டு மாதத்தில் என்னைத் தாண்டிப் போவது கஷ்டம் என்று வெளி அணிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அணியில் இருப்பவனுக்குக் கேட்டில் தினமும் பெயர் கூப்பிடுவார்கள். அதுவே எனக்குப் பெரிது.

பேக் ஆடுகிறவனுக்கு ஆட்டத்திலும் துணை கிடையாது. நம் ஆட்கள் நன்றாக ஆடுகிற நேரமெல்லாம் அவன் பின்னால் வெறும் தரையில் நின்றுகொண்டிருப்பான். கோல் விழுந்தால் எல்லோரும் அந்தக் கோடியில் ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்வார்கள். நான் ஓடிப்போய்ச் சேருவதற்குள் கலைந்து திரும்பி வந்துகொண்டிருப்பார்கள். பாதி வழியில் நானும் திரும்பிவிடுவேன். இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அந்தக் கூட்டத்துக்குள் நான் இருந்ததில்லை.

எனக்குப் பின்னால் நின்ற ஒரே ஆள் கோல் கீப்பர். அவர் மில்லில் எங்கள் பகுதிக்கு மேஸ்திரி. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். நூல் சுற்றும் மிஷின்களுக்கு நடுவே ஒரு ஆள் போகிற அளவுக்குத்தான் சந்து இருக்கும். மேஸ்திரி எதிரில் வந்தால் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து, மிஷின் ஓரமாக ஒட்டி நின்று வழி விட வேண்டும். யாரும் சொல்லித் தருவதில்லை. முதல் நாளே உடம்பு கற்றுக்கொள்ளும்.

மைதானத்தில் அதற்கு நேர்மாறாக இருக்க வேண்டியிருந்தது. பந்து உயரமாக வந்தால் பேக்கோ கீப்பரோ யாராவது ஒருவர் "உடு, என்னுது" என்று கத்த வேண்டும். கத்தினவனுக்குப் பந்து. மற்றவன் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். எனக்குக் கத்த வரவில்லை.

"ஏஞ்சாமி, வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கற?" என்பார் மேஸ்திரி. "என்னையப் பாத்து 'உடுடா'ன்னு கத்து. நாங் கோவிச்சுக்க மாட்டேன்."

"செரிங்க."

"பாரு, அதுக்கும் 'ங்க' போடறான்!" என்று கேப்டன் சிரிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டவுன் பஸ் பிடித்துச் சூரமங்கலம் போவேன். தண்டவாளத்தை ஒட்டி ஆள் நடமாட்டம் இல்லாத இடம் ஒன்று எனக்குத் தெரியும். கூட்ஸ் வண்டி வரும்வரை காத்திருப்பேன். வண்டி கடக்கும்போது அந்தச் சத்தத்துக்குள் "உடு! உடு! என்னுது!" என்று தொண்டை கிழியக் கத்துவேன். வண்டி போனதும் வாயை மூடிக்கொள்வேன். கடைசிப் பெட்டியில் நின்றிருந்த கார்டு ஒருநாள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். அதற்குப் பிறகு அங்கே போகவில்லை.

இரண்டாவது வருடம், சூரமங்கலத்தில் ரயில்வே ஆட்களோடு கடைசி ஆட்டம். அணியைக் கவனித்துக்கொண்ட மில் ஆபீசர் முந்தின நாளே சொல்லிவிட்டார்: "அணியில் பதிலி ஆள் இரண்டு பேர் இருக்கிறீர்கள். ஒரு இடம் காலியாகியிருக்கிறது. நாளைக்கு நன்றாக ஆடுகிறவனை நிரந்தரம் பண்ணிவிடலாம்." இன்னொரு பதிலி எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன். சிரித்துப் பேசுகிறவன். நிரந்தரமானால் ஊருக்கு வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. அண்ணன்களிடம் சோற்றுக்கு நிற்க வேண்டியதில்லை. 

ஆட்டத்தில் நான் நன்றாகவே ஆடினேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. அவர்களுடைய வேகமான ஆள் ஒருவன் மூன்று தடவை வந்தான். மூன்று தடவையும் பந்தை எடுத்துவிட்டேன். இரண்டு பக்கமும் ஒரு கோல் என்று நின்றது. முடியப்போகிற நேரம். நடு மைதானத்திலிருந்து ஒருவன் உயரமாக அடித்தான். பந்து நேராக என் தலைக்கு வந்தது. பின்னால் மேஸ்திரி ஓடிவருகிற கேன்வாஸ் ஷூ சத்தம் கேட்டது.

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. உடம்பு தானாக ஒதுங்கியது. மிஷின் சந்தில் ஒதுங்குவதைப் போலவே, தோளைச் சுருக்கி, கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, அவருக்கு வழி விட்டு நின்றேன். நான் தலையால் முட்டுவேன் என்று நினைத்து அவரும் நின்றுவிட்டார். பந்து எங்கள் இருவருக்கும் நடுவில் குத்தி, மெதுவாக உருண்டு கோலுக்குள் போனது. ஓடிப் பிடித்திருக்கலாம். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

திரும்பி வருகிற லாரியில் முன்வரிசைக்காரன் எழுந்து நின்று, "மேஸ்திரி வாராரு, ஒதுங்குங்கடா, ஒதுங்குங்கடா!" என்றான். லாரியே சிரித்தது. மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கும் பயம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. வயதாகிவிட்டது, வேறு கீப்பர் பார்க்கலாம் என்று ஏற்கெனவே பேச்சு இருந்தது.

மறுநாள் காலை ஆபீசர் இருவரையும் கூப்பிட்டார்.

"யார் கத்தினது?"

மேஸ்திரி என்னைப் பார்க்கவில்லை. "நாங் கத்துனனுங்க. என்னுதுன்னு சொன்னனுங்க. இவன் குறுக்க நின்னதுல எனக்குப் பந்து மறைஞ்சுபோச்சுங்க."

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா?"

இல்லை என்பது ஒரு சொல். கூட்ஸ் வண்டி எதுவும் வரவில்லை. மேசைமேல் இருந்த மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.  "சரி, போங்க" என்றார் ஆபீசர்.

வெளியே வந்ததும் மேஸ்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருக்கு வழி விட்டு ஓரமாக நின்றேன். அவர் போய்விட்டார்.

அந்த இடம் முன்வரிசைக்காரனுக்குப் போனது. அடுத்த மாதம் கேட்டில் என் பெயரைக் கூப்பிடுவது குறைந்தது, பிறகு நின்றது. ஊருக்குப் போகவில்லை. பள்ளிபாளையம் வந்து தறிப்பட்டறையில் சேர்ந்தேன். தறிச் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேசுவதில்லை. எனக்கு அது ஒத்துப்போனது. கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். கால்பந்து ஆடுகிற இடம் வந்தால் பஸ்ஸில் வேறு பக்கம் பார்ப்பேன்.

சொல்லியிருந்தால் அந்த வேலை எனக்குக் கிடைத்திருக்குமா என்று தெரியாது. ஒருவேளை மேஸ்திரியின் வேலைக்குத்தான் ஆபத்து வந்திருக்கும். அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனாலும் ஆபீசர் கேட்ட கேள்விக்குப் பதில் என்னிடம் அப்படியே இருக்கிறது. மேஸ்திரி கத்தவில்லை. நானும் கத்தவில்லை.

பள்ளிபாளையம்,
1989 பிப்ரவரி 19, ஞாயிற்றுக்கிழமை.