கோட்டுக் கையில் முளைத்த யானைகள்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மூட்டை டீச்சர் என்றுதான் பெயர். மூட்டை இல்லாமல் அவள் ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. அச்சகத்தில் வெட்டி எறிந்த காகிதம், செருப்புக்கடை அட்டைப்பெட்டி, கைவேலை வகுப்புக்கென்று எதையும் விடமாட்டாள். கடையில் கலர் பேப்பர் விலை கேட்டாலே தலை சுற்றும். முப்பத்தாறு பிள்ளைகளுக்கு வாங்கி மாளுமா? பசைகூட வீட்டில் காய்ச்சியதுதான். "நம்ம வீட்டுல சோத்துப் பானையைவிடப் பசைப் பானைதான் பெருசு" என்பார் அவள் வீட்டுக்காரர்.

அன்று வெள்ளிக்கிழமை. "கைவேலைன்னு சும்மா குப்பைதான் சேர்க்கிறீங்க. வெள்ளிக்கிழமை வந்து பாக்குறேன். உருப்படியா ஒண்ணும் இல்லேன்னா, திங்கக்கிழமையிலேர்ந்து அந்த நேரம் கணக்குக்கு" என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். கணக்கில் தலைகுனியும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரும் ஒரே நேரம் அது. விடுவாளா?

காலையிலேயே தையல்கடைக்கு ஓடினாள். தையல்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். வாராவாரம் வெட்டுத்துணியை மூட்டை கட்டி மெஷினுக்கு அடியில் வைப்பது அவர் வழக்கம். கேட்காமல் எடுத்துப்போவது இவள் வழக்கம். இன்று இரண்டு மூட்டை! அடித்தது யோகம் என்று இரண்டையும் தூக்கிக்கொண்டு பறந்தாள்.

இரண்டாவது மூட்டையில் சாம்பல் நிறத்தில் இரண்டு துணிக்குழாய்கள். "டீச்சர், தும்பிக்கை!" என்று கத்தினாள், கணக்கு நேரத்தில் வாயே திறக்காத ஒரு சின்னப்பெண். அவ்வளவுதான். பொத்தான் கண், அட்டைக் காது ஒட்டி, கையை உள்ளே விட்டு ஆட்டினார்கள். வகுப்பே அல்லோலகல்லோலப்பட்டது.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் நுழைந்தார். பின்னாலேயே மூச்சிரைக்கத் தையல்காரர்.

"டீச்சரம்மா! அந்த ரெண்டாவது மூட்டை... ஐயோ, அது சாரோட புதுக் கோட்டுக் கை!"

போச்சு, எல்லாம் போச்சு என்று மூட்டை டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சார், இதுக்குப் பசிக்குது" என்றாள் அந்தச் சின்னப்பெண். அவள் யானை எட்டி, அவர் பையிலிருந்த பேனாவைக் கவ்வியது.

தலைமையாசிரியர் உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. தொந்தி குலுங்கச் சிரித்துவிட்டார். இன்னொரு யானையை வாங்கித் தன் கையில் மாட்டிக்கொண்டார்.

"யோவ், அளவு கச்சிதமா இருக்குய்யா!" என்றார் தையல்காரரிடம்.

திங்கட்கிழமை கைவேலை நேரத்துக்கு மணி அடித்தது. வாசலில் தலைமையாசிரியர் தயங்கி நின்றார், கையில் ஒரு மூட்டையோடு.

"பழைய பேண்ட்டு. குதிரை வருமான்னு பாருங்க, டீச்சர்."