கீழிமையின் நிறம்

ஓய்வு பெற்ற கண்டக்டர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார் என்று சொல்வது மரியாதைக்குத்தான். உண்மையில் ஆடுதான் அவரை இழுத்துக்கொண்டு வந்தது. தெருமுனை சைக்கிள் கடைக்காரர், "என்ன சார், யாரு யாரை வாங்கினது?" என்று கேட்டுச் சிரித்தார். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே கயிற்றின் பின்னால் ஓடினார்.

இந்த வயதில் ஆடு எதற்கு என்று மகள் போனில் கத்தியிருந்தாள். நியாயம்தான். ஆனால் சர்க்கரை நோய் மனைவியின் பார்வையைக் கொண்டுபோன நாளிலிருந்து வீடே வாயடைத்துக் கிடந்தது. வாய் ஓயாத மனுஷி அவள். இப்போது யாரையும் எதுவும் கேட்பதில்லை. கட்டியிருக்கும் புடவை என்ன நிறம் என்றுகூடக் கேட்டதில்லை. அவருக்கு அது தாங்கவில்லை.

கல்யாணமான புதிதில் மாடிப்படிக்குக் கீழே ஒரு கறுப்பு ஆடு கட்டியிருந்தார்கள். மகள் வளர்ந்தது அந்தப் பாலில்தான். அதைப் பார்த்து வாங்கியவள் மனைவி. அவர் கயிறு பிடித்ததோடு சரி. ஒருநாள் அவர் பைக்குள் தலையை விட்டு ஒரு கட்டு டிக்கெட்டை அது மென்று தீர்த்துவிட்டது. "ஆடு தின்னுடுச்சு சார்" என்று டிப்போவில் அவர் அழாக்குறையாகச் சொன்னதை வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டினார். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். என்ன நாட்கள் அவை! அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்த ஆடு, பாலுக்காக இல்லை.

பின்கதவுச் சத்தம் கேட்டு மனைவி சுவரைத் தடவிக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னங்க, ஆட்டு வாசனை அடிக்குது?"

"ஆடுதான். வாங்கிட்டேன்."

"பாத்து வாங்கினீங்களா?"

"பாத்துதான். அழகா இருந்துச்சு."

தலையில் அடித்துக்கொண்டாள். "அழகுப் போட்டிக்கா அனுப்பப் போறீங்க? வித்தவன் திருப்பி எடுத்துக்குவானா?"

"நாளைக்குள்ள கொண்டு வந்தா எடுத்துக்கிறேன்னான்."

"அப்ப கழுத்தைப் புடிங்க. ஒண்ணு சரியில்லைன்னாலும் காலையில இது அவன் வீட்டுல இருக்கணும்."

புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். முதுகெலும்பை வருடி, "ஒல்லிதான்" என்றாள். உதட்டைப் பிரித்துப் பல்லை விரலால் எண்ணி, "கிழவி இல்லை" என்றாள். இடது விலாவில் காதை வைத்தாள். வயிறு கடமுடவென்று வேலை செய்துகொண்டிருந்தது. பாலைக் கறந்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தாள், பால் திரிதிரியாக இல்லை. கறந்து முடித்த மடியை இரண்டு பக்கமும் அமுக்கினாள். கட்டியும் இல்லை, சூடும் இல்லை.

"பரவாயில்லையே, மடி நல்ல மடி. குருட்டு அதிர்ஷ்டம் உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு, "குருடி நான் இருக்கேன், அதிர்ஷ்டம் உங்களுக்கு" என்று தானே சிரித்தாள். கண்டக்டருக்கு ஆட்டின் காலில் விழலாம் போலிருந்தது.

பிறகு கட்டைவிரலால் ஆட்டின் கீழிமையை இழுத்து, பழைய பழக்கத்தில் முகத்தை அருகே கொண்டுபோனாள். முகம் பாதியிலேயே நின்றது. விரல் மட்டும் இமையில் இருந்தது. நிறத்தைத் தடவிப் பார்க்க முடியாது.

"என்ன நெறமா இருக்கு?" என்றாள், வேறு பக்கம் திரும்பிக்கொண்டு.

கண்டக்டர் குனிந்து பார்த்தார். இமையின் உள்பக்கம், சிவந்திருக்க வேண்டிய இடம், வெளிறிக் கிடந்தது. நல்ல சிவப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆடு தங்கிவிடும், இவள் பேச்சும் தங்கிவிடும். பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் பார்வை போன பிறகு முதல்முறையாக அவள் அவர் கண்ணைக் கேட்கிறாள். அதற்கு எப்படிப் பொய் சொல்வது?

"வெளுத்திருக்கு" என்றார்.

"எவ்வளவு வெளுப்பு?"

"நம்ம ரோஸ் டிக்கெட் வெயில்ல கிடந்த மாதிரி. ரோஸ் இருக்கு, ஆனா இல்ல."

"வயித்துப் பூச்சி. ரத்தத்தைக் குடிச்சிருக்கு."

"காலையில கொண்டு போய் விட்டுடறேன்" என்றார்.

"யாருகிட்ட? பூச்சி மருந்து வாங்கிக் குடுக்கத் துப்பில்லாதவன்கிட்டயா?"

"நீதானே சொன்ன, ஒண்ணு சரியில்லைன்னாலும்னு..."

"மடி போயிருந்தா அனுப்பித்தான் ஆகணும். இது மருந்துக்குச் சிவக்கும்." ஆட்டின் கழுத்தைச் சொறிந்துவிட்டாள். "கொஞ்ச நேரம் பேசாம இருந்தீங்களே, பொய் சொல்லப் பாத்தீங்கதானே?"

"பாத்தேன்."

"தெரியும். இனிமே தினமும் காலையில இமையை நான் இழுத்துப் புடிக்கிறேன், நெறத்தை நீங்க சொல்லுங்க. இருக்கிறதை இருக்கிற மாதிரி."

"சொல்றேன்" என்றார். கண் நிறைந்து வழிந்தது. அவளுக்குத் தெரியவா போகிறது என்று துடைக்காமல் நின்றார்.

"மூக்கை உறிஞ்சாதீங்க" என்றாள் அவள். "ஆடு மிரளுது."