பூலாம்பாடியில் ஒரு கடைக்கால்

பூலாம்பாடிப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஓர் அறை கட்டியபோது மண் சுமக்க வந்தவர் அந்த அம்மாள். பெயரை நான் கேட்டுக்கொண்டதில்லை. ஒடிசலான உடம்பு, நெற்றியில் பெரிய குங்குமம். வேலை முடிந்ததும் நேரே தன் மனைக்குப் போய்ப் புல் பிடுங்குவார். அவர் கணவர் மலாயாவுக்குக் கப்பலேறும் முன் அங்கே கடைக்கால் மட்டும் போட்டிருந்தார். தரைக்கு மேல் ஒரு சாண் உயரம் கருங்கல் தெரியும். சண்டை வந்ததும் கடிதம் நின்றது. சண்டை முடிந்த பிறகும் வரவில்லை.

பள்ளிக்கூட வேலைக்குக் கல் போதவில்லை. அந்தக் கல்லைக் கேட்டுவரத் தலைமையாசிரியர் என்னை அனுப்பினார். கடைக்கால் கல் வேண்டுமென்று நான் சொன்னதும் அந்த அம்மாள் புல்லைக் கீழே போட்டார்.

"கடக்கால்னா என்னங்க அர்த்தம், வாத்தியாரய்யா?"

"கடைன்னா அடி, கீழ்க்கோடி. கால்னா தாங்குறது. வீட்டுக்கு அடியில இருந்து தாங்குற காலும்மா" என்றேன்.

"நான் வேற மாதிரில்ல நெனச்சிருந்தேன். கடைசி வரைக்கும் நிக்கிற காலுன்னு." குனிந்து கல்லின் மேலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். "செவுரு இல்லாட்டியும் போவுதுங்க. இதையும் எடுத்துட்டா, அவரு வந்து வூடு எங்கன்னு தேடுவாரு?"

வேறு இடத்தில் கல் பார்த்துக்கொள்ளலாமென்று கிளம்பத் திரும்பினேன். கல்வரிசையில் வாசலுக்கென்று விட்டிருந்த இடைவெளியில் அந்த அம்மாள் வந்து நின்று, "உள்ள வாங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே போனேன்.