சவரியம்மாளின் ஞாயிற்றுக்கிழமை

காலை ஆறு பத்துக்குச் செய்தி வந்தபோது, கிளாரா தன் திண்டுக்கல் வீட்டில் அம்மாவுக்கென்று ஒழித்துவைத்த அறைக்குத் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தாள். வரும் ஞாயிற்றுக்கிழமை சவரியம்மாள் அங்கே குடிவருவதாகப் பேச்சு. அன்று வெள்ளி. பக்கத்துத் தோட்டத்து முத்துப்பேச்சிதான் போனில் சொன்னாள்: "ஆத்தா கிளாரா, அக்கா பூந்தோட்டத்துல சாஞ்சுருச்சு. மூச்சு இல்ல."

பஸ்ஸில் வரும்போது அழுகை வரவில்லை. வந்ததெல்லாம் அம்மாவின் பேச்சுத்தான்.

சவரியம்மாளுக்கு எண்பத்தொரு வயது. நிலக்கோட்டைப் பக்கம் அரை ஏக்கர் மல்லிகை. பதினேழு வயதில் சிலுவைமுத்துவுக்கு வாக்கப்பட்டு வந்தவள், விடியுமுன் மடியைக் கட்டிக்கொண்டு செடிகளுக்கு நடுவே இறங்கிவிடுவாள். மொட்டைப் பார்த்துப் பறிப்பதில்லை. விரலே தேடிப் போகும். "நாலாவது நிரையில வலி வந்துச்சு. மடிப்பூவ எறக்கி வச்சுட்டுத்தான் ஒன்னப் பெத்தேன்" என்று பள்ளிக்கூடத் தோழிகளுக்கு முன்னாலேயே கிளாராவின் மானத்தை வாங்குவாள்.

மாதா கோயிலுக்குச் செருப்பைக் கையில் தூக்கிப் போவாள். தார் ரோடு வந்ததும் போட்டுக்கொள்வாள். திரும்பும்போது புட்டியில் கொண்டுவந்த தீர்த்தத்தைக் கிணற்று மோட்டார் மேல் தெளிப்பாள். "ஏலே, இதுக்கப்புறமும் ஓடலைன்னா நீ வேதக்காரனே இல்ல!"

புருஷன் போய் இருபது வருஷம். ஒரு கோடையில் கிணறு வற்றியபோது, அறுநூறு செடிக்கும் குடத்தில் சுமந்து ஊற்றினாள். போன மாதம் வரப்பில் வழுக்கி விழுந்தாள். அதிலிருந்து கிளாரா விடவில்லை.

"விழுந்தா யாரும்மா பாக்குறது?"

"முத்துப்பேச்சி பாப்பா."

"எனக்கே எழுபத்தாறு. என்னைய யாரு பாக்குறது?" என்றாள் முத்துப்பேச்சி. மூவரும் சிரித்தார்கள். ஆனால் கிளாரா சிரித்து முடித்ததும் சொல்லிவிட்டாள்: "நீ வரலேன்னா, இனி நானும் இங்க வரமாட்டேன்." சவரியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "வாரேன் தாயி. ஞாயித்துக்கெழம வாரேன்."

மனசார வருகிறேன் என்றாளா, மகள் வாயை அடைக்கச் சொன்னாளா? கிளாராவுக்கு அன்றும் தெரியவில்லை.

வீட்டில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். கட்டிலடியில் மஞ்சள் பை ஒன்று. உள்ளே இரண்டு சேலை, ஜெபமாலை, பிரஷர் மாத்திரை, துண்டில் சுற்றிய சிலுவைமுத்து படம். அப்படியானால் வரத்தான் இருந்தாள். கிளாராவுக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. அடுத்த நொடியே அந்தப் பையைத் தொடக் கூசியது. அம்மாவை இந்த மண்ணிலிருந்து பிடுங்கி எடுத்துவிட்டோமோ?

"எங்க விழுந்தாங்க சித்தி?"

முத்துப்பேச்சி மேற்கு ஓரத்துக்குக் கூட்டிப்போனாள். தரிசாகக் கிடந்த இடம் கொத்திவிடப்பட்டிருந்தது.

"முந்தாநாளு மல்லிகப் பதியன் கன்னு வாங்கியாந்துச்சு."

"ஞாயித்துக்கெழம கெளம்புறவங்க எதுக்குப் பதியன் வாங்குனாங்க? பூக்கவே ஆறு மாசம் ஆகுமே."

"நானும் அதத்தான் கேட்டேன். 'மக வீட்டுக்குப் போறேன்'னு ஊரெல்லாம் சொல்லுச்சு. சொல்லிக்கிட்டே குழியும் தோண்டுச்சு. எனக்கென்ன வெளங்குது ஆத்தா?"

மொத்தம் பதினெட்டுக் குழி. பதினோரு கன்றுக்கு மண் அணைத்து, தண்ணீரும் ஊற்றியிருந்தது. மீதி ஏழும் ஈரச் சாக்கில் சுற்றியபடி வரப்பில் இருந்தன.