எழுத்தில் குடியிருந்த கறுப்பு

வீட்டுக்குத் தரை போட்டு மிஞ்சிய வெள்ளைக்கல் துண்டு அது. ஒரு முழ அகலம் இருக்கும். ராயப்பன்பட்டிக் கல்லறைத் தோட்டத்தின் கிழக்கு மூலையில், ஒரு குழந்தையின் தலைமாட்டில் நட்டிருந்தார்கள். அதில் கறுப்பாக மூன்று எழுத்துகள் இருந்தன. நான் முதலில் பார்த்தபோது இருந்தன.

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். லோயர் கேம்பில் கால்வாய்க்கரை பூசினேன், மலையில் ஏலக்காய் மூட்டை தூக்கினேன், எங்கும் ஒரு வருடம் தங்கியதில்லை. அந்த ஐப்பசியில், கல்லறைத் திருநாளுக்கு முன் கல்லறைகளைக் கழுவும் வேலை கிடைத்தது. ஆசிட் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் கல் பளிச்சென்று ஆகிவிடும். ஓர் அம்மா தன் கணவரின் கல்லறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உசுரோட இருந்தப்பக்கூட இவுக இம்புட்டு வெளுப்பா இருந்ததில்ல" என்றார்.

பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் சமைத்த அக்காதான் அந்த நாட்களில் எனக்குச் சோறு போட்டவர். கிழக்கு மூலையில் கிடந்தது அவருடைய மகன். புல்லை மட்டும் பிடுங்கிவிடச் சொல்லியிருந்தார். சும்மா சாப்பிடுகிறோமே என்று கல்லையும் கழுவினேன். வெள்ளையாக நுரைத்தது. நுரையை வழித்தபோது எழுத்து இல்லை.

அக்கா வந்து பார்த்தார். திட்டவில்லை. கல்லை விரலால் தடவிக்கொண்டே சொன்னார். பெயரை வெட்டியது அவர் கணவராம். இரவல் உளி, பழகாத கை. வெறும் கீறல்தான் விழுந்திருக்கிறது. இரண்டு மழைக்காலம் கழிந்து அதில் கறுப்பு ஏறிய பிறகுதான் வாசிக்க முடிந்ததாம். அதற்குள் ஏலத்தோட்டத்துக்குப் போன ஜீப் கவிழ்ந்து கணவரும் போய்விட்டார். தான் வெட்டிய எழுத்து தெரிந்ததை அவர் பார்க்கவே இல்லை.

"அந்தக் கறுப்புலதான் தம்பி அவுக கை தெரிஞ்சுச்சு."

சில வருடம் கழித்து, போடி மலையில் பாறைகளை ஆராய வந்த கல்லூரி ஆசிரியர் ஒருவருக்குப் பெட்டி சுமந்தேன். அக்கா மகனின் கல்லைப் பற்றி அவரிடம் சொன்னேன். அந்தக் கறுப்பு அழுக்கல்ல, பூஞ்சை என்றார். காற்றில் வரும் தூசியைத் தின்று, பனி ஈரத்தைக் குடித்து வாழுமாம். வெயிலில் சுருங்கிச் செத்ததுபோல் கிடக்குமாம். ஈரம் பட்டால் எழுந்துகொள்ளுமாம். கறுப்பு நிறம்தான் அதற்கு வெயில் தாங்கும் குடை. கல்லின் துளைக்குள் ஒளிந்திருப்பது ஆசிட்டுக்குத் தப்பித் திரும்ப வரும் என்றார்.

அன்றே ராயப்பன்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.

கறுப்பு வந்திருந்தது. ஆனால் கீறல்கள் ஆசிட்டில் கரைந்துபோயிருந்ததால், கல் முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பரவிக் கிடந்தது. அக்கா வீட்டுக்குப் போனேன். உத்தமபாளையத்தில் கல்லில் பெயர் வெட்டுகிற ஆளைப் பிடித்து ஆழமாக வெட்டித் தருகிறேன் என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"பேரு எனக்குத் தெரியும்யா. அவுக வெட்டுனதுதான் இல்ல."