புகையாத கரி

இந்த ஊரில் நெருப்புக் கேட்டுக் கூப்பிடுவார்கள். நம் கடைகளில் டீக்குக் குரல் கொடுப்பதுபோல, மெத்தையில் சாய்ந்திருக்கிற ஆள் கையைத் தூக்கி ‘நார்’ என்பான். நெருப்பு என்று அர்த்தம். நான் இடுக்கியில் கங்குகளை எடுத்துப்போய் அவனுடைய ஷீஷாவின் தலையில் அடுக்குவேன். ஷீஷா என்பது ஹூக்காதான்; அதைப் பிடிக்கிற கடையில் எனக்கு வேலை. எங்கள் பக்கம் விளக்கு வைத்துவிட்டால் பக்கத்து வீட்டுக்குக்கூட நெருப்புக் கொடுக்க மாட்டார்கள். இங்கே விளக்கு வைத்த பிறகுதான் என் வேலை தொடங்குகிறது. ஏழு வருடமாகக் கொடுக்கிறேன். ஊர் பெயர் தபூக், சவூதியின் வடக்கே இருக்கிறது. பாலைவனம் என்றால் சூடு என்று நினைத்து ஒரு சட்டைகூடக் கனமாக எடுத்து வராதவன் நான். தை மாதத்தில் இங்கே வாளித் தண்ணீர் மேலே கண்ணாடிபோல உறைந்து கிடக்கும்.

எனக்கு விளாத்திகுளம் பக்கம். சீமைக்கருவேலை வெட்டி அடுக்கி, மண் பூசி, மூட்டம் போட்டுக் கரி எடுக்கிற குடும்பம். ஆறாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் கரி தெரியும். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால், நன்றாக வெந்த கரி கணீரென்று கேட்கும். வேகாதது மொத்தென்று கேட்கும்; அது புகையும். புகைதான் ஆளைச் சாய்க்கும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. வேகாத மூட்டத்தைப் பிரித்தவன் மயங்கி விழுந்ததைப் பார்த்திருக்கிறோம். வெந்த கரியிடம் எங்களுக்குப் பயம் கிடையாது. பிள்ளை பெற்றவளின் கட்டிலுக்கு அடியில் கங்குச் சட்டி வைப்போம். குளிப்பாட்டிய பச்சைப்பிள்ளையை அதற்கு மேலே காட்டி ஈரம் போக்குவோம். என் தங்கச்சி அப்படி வளர்ந்தவள்தான். அந்த ஓலைக் குடிசையில் நூறு ஓட்டை இருந்ததை நான் யோசித்ததே இல்லை.

நான் வந்த புதிதில் கடை மேனேஜர், எகிப்துக்காரர், இரண்டு விதக் கரியை என் முன்னால் வைத்தார். ஒன்று பெட்டிக் கரி. மருந்து கலந்து மிஷினில் அழுத்திய வில்லை. தீக்குச்சி காட்டினால் சீறிப் பொறி பறந்து ஒரு நிமிடத்தில் சிவந்துவிடும். அரைமணி நேரத்தில் சாம்பல். பட்டாசு நாற்றம் வேறு. இன்னொன்று மூட்டைக் கரி, தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டது. தூத்துக்குடியிலிருந்து கப்பலில் வருவது. அடுப்பில் கால்மணி நேரம் வைத்து ஊத வேண்டும். ஆனால் ஒரு மணி நேரம் நிற்கும், வாசனையே இருக்காது. வேலை குறைவு என்று அவருக்குப் பெட்டிக் கரிமேல் ஆசை. எனக்கு அப்போது அரபி தெரியாது. அவர் காதுக்குப் பக்கத்தில் இரண்டு சிரட்டைக் கரியைத் தட்டிக் காட்டினேன். நான் தாளம் போடுகிறேன் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே மற்றவர்களையும் கூப்பிட்டார். அவர்களும் கை தட்டினார்கள். பிறகு இரண்டு ஷீஷாவில் இரண்டையும் வைத்து அவரையே இழுக்கச் சொன்னேன். பெட்டிக் கரி அன்றோடு பரணுக்குப் போனது. எனக்குக் கரி வாத்தியார் என்று பெயர் வந்தது. அந்தப் பெயரில் எனக்குப் பெருமை இருந்தது.

இரண்டாம் வருடம் அந்தோணி அண்ணன் வந்தார். தூத்துக்குடிக் கடற்கரைக்காரர், சங்கு குளித்தவர். படகில் கம்ப்ரசர் ஓட, ட்யூப் வழியாகக் காற்று வாங்கிக்கொண்டு அடியில் சங்கு பொறுக்கியவர். ஒரு நாள் காற்று திரும்பி இன்ஜின் புகை கம்ப்ரசருக்குள் ஏறிவிட்டது. தலை சுற்றி, பாதி உயிராக மேலே இழுத்தார்கள். அதோடு கடலை விட்டுவிட்டு இங்கே ஷீஷாக் குழாய் கழுவ வந்தார். எங்கள் இருவருக்கும் ஒரே தகர அறை. என்னைப் பார்த்த முதல் நாளே, “ஏலே, ஒங்க ஊர்ல கரிய விட்டா வேற என்னல வெளையுது?” என்றார். “ஒங்க ஊர்ல கடல விட்டா என்ன கெடக்கு?” என்றேன். அதற்குமேல் நாங்கள் சிநேகிதமாக வேறெதுவும் தேவைப்படவில்லை. எதையும் மோந்து பார்க்காமல் வாய்க்குக் கொண்டுபோக மாட்டார். தண்ணீரைக்கூட மோந்து பார்ப்பார். கடலடியில் புகை குடித்துப் பிழைத்த குளியாளின் பழக்கம்.

மூன்று வருடம் போயிற்று. ஒரு தை மாதம் அறை ஹீட்டர் கெட்டது. சரி செய்கிறேன் என்று மேனேஜர் பத்து நாள் சொன்னார். அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு காலையில் வேலை முடிந்து வந்தபோது பல் கிட்டி நடுங்கிக்கொண்டு கிடந்தார். பரணில் மிச்சமிருந்த பெட்டிக் கரியைக் கொளுத்தி வைக்கச் சொன்னார். அது நாறும், இருமுவீர்கள் என்று நான்தான் தடுத்தேன். சிரட்டைக் கரியில் கணீரென்ற துண்டுகளாகத் தட்டிப் பொறுக்கினேன். கால்மணி நேரம் மூட்டி, மேலே சாம்பல் பூத்த பிறகு சட்டியில் எடுத்துவந்து கட்டிலோரம் ஒரு செங்கல்மேல் வைத்தேன்.

“புகையுமாலே?”

“புகையாதுண்ணே. பச்சப்பிள்ளைக்கே வைப்போம்.”

அவர் எழுந்து உட்கார்ந்து, சட்டிக்கு மேல் குனிந்து மோந்து பார்த்தார். “சுத்தம்லே” என்று சொல்லிவிட்டுப் படுத்தார். நான் கதவைச் சாத்தினேன். அடியில் குளிர் வராமலிருக்க என் பழைய சட்டையை மடித்துச் செருகினேன். பிறகு லாரியில் வந்த கரி மூட்டைகளை இறக்கப் போய்விட்டேன்.

பத்து மணிக்கு வந்து பார்த்தேன். நடுக்கம் நின்றிருந்தது. முகம் நல்ல சிவப்பாக இருந்தது. காய்ச்சல் விட்டுத் தூங்குகிறார் என்று எனக்குச் சந்தோஷம். இன்னும் நாலு கங்கு கொண்டுவந்து போட்டேன். சட்டையைத் திரும்பவும் செருகினேன். மதியம் கஞ்சி கொண்டுபோனபோது முகம் அதே சிவப்பில்தான் இருந்தது. கை மட்டும் விறைத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு மலையாள நர்ஸ் எனக்குப் புரியும்படி சொன்னாள். கரி புகையாவிட்டாலும் அதிலிருந்து ஒரு வாயு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை; மூடிய அறையில் ஆளைக் கொன்றுவிடும். அண்ணன் முகத்துச் சிவப்பும் அதனால் வந்ததுதானாம். இதைப் படிக்கிற நீங்கள் எந்தக் கரியையும் மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். பெட்டிக் கரியிலும் அந்த வாயு உண்டுதானாம். ஆனால் அந்த நாற்றத்துக்கு அண்ணன் முதல் இழுப்பிலேயே வெளியே ஓடியிருப்பார். போலீஸ்காரர் மேனேஜரிடம்தான் பேசினார். சட்டியை அண்ணனே அறைக்குள் வைத்துக்கொண்டார் என்று காகிதத்தில் எழுதினார்கள். மேனேஜர் என் தோளைத் தட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

எட்டு மாதம் கழித்து லீவில் போனபோது அவர் வீட்டுக்குப் போனேன். மதினி காப்பி கொடுத்தாள். பன்னிரண்டு வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுகை எப்போதோ முடிந்து, மதினிக்கு இப்போது செத்தவர்மேல் கோபம்தான் மிச்சம். பத்து வருடம் ட்யூப்பில் காற்று வாங்கியவனுக்கு இது தெரியாதா, அறிவு கெட்ட மனுசன், தானே சட்டியை வைத்துத் தானே செத்தான் என்றாள். அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லுதாம். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுக் கேட்டுப் பழகிய முகம்.

சொல்லாமல் வந்திருக்கலாம். சொன்னேன். பொறுக்கியது, மூட்டியது, சட்டை செருகியது, பத்து மணிக்கு நாலு கங்கு போட்டது, எல்லாம்.

மதினி கேட்டாள்.

“புகையுமான்னு கேட்டாகளா?”

“கேட்டாக.”

“மோந்து பாத்தாகளா?”

“பாத்தாக. சுத்தம்னு சொன்னாக.”

மகளிடம் திரும்பினாள். “ஏளா, ஒங்கப்பா மடையன் இல்ல. கேட்டுட்டுத்தான் படுத்திருக்காக.” பிறகு என்னைப் பார்த்தாள். குரல் உயரவில்லை. “நீ இனி இந்தக் கரையில காலு வைக்காத. அங்கனயே கெட. தீ மூட்டிக்கிட்டே கெட.”

காப்பி பாதி இருந்தது. குடித்து முடிப்பதா, வைப்பதா என்று தெரியவில்லை. வைத்துவிட்டு எழுந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு லீவு போய்வந்தேன். மதுரையில் இறங்கி அருப்புக்கோட்டை வழியாக ஊருக்குப் போனேன். தூத்துக்குடிப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அது என்னிடம் வருகிறது. மூட்டைகளில் அந்தத் துறைமுகத்தின் பெயர் அச்சடித்திருக்கும். இறக்குவதும் நான், பிரிப்பதும் நான். தட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கரி மூட்டுகிற அறையின் கதவிடுக்கில் ஒரு செங்கல்லைச் செருகி வைத்திருக்கிறேன். சட்டிக்கு அடியில் இருந்த அதே செங்கல். குளிர் வருகிறது, மூடு என்று மேனேஜர் கத்துவார். மூடுவதில்லை. முதுகில் தபூக்கின் குளிர் அடிக்கும். முகத்துக்கு நேரே தூத்துக்குடிக் கரி கனலும். உள்ளேயிருந்து யாராவது ‘நார்’ என்பார்கள். எடுத்துக்கொண்டு போவேன்.